மாடல் காரில் நிறம் பிழைத்தால் எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு. பால்கனியின் ஒரு மூலையில் பெயின்ட் தெளிக்கும் என் எயார்பிரஷும் அதற்குக் காற்றுத் தரும் கொம்ப்ரசரும் இருக்கின்றன. 1:24 அளவில், அதாவது நிஜத்தின் 24இல் ஒரு பங்கு அளவில், மாடல் கார் கட்டுகிற நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஒரு காரின் பாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். மேசையில் வைத்துவிட்டு, "கலர் சரியா வரல்ல, வேற பெயின்ட் ஏதும் இருக்கா?" என்பார்கள். உண்மையாகவே வேறு பெயின்ட் தேவைப்பட்டது சில தடவைதான். மற்றபடி பார்த்த வெளிச்சமோ, அடியில் முதலில் பூசிய பிரைமரோ, அடித்த விதமோ, மேலே போட்ட நிறமற்ற கிளியரோதான் நிறத்தைக் கெடுத்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு போத்தல் வாங்குவது கொழும்பில் பெரிய நட்டம். லெக்கர் வகைப் பெயின்ட் தீப்பற்றும் பொருள், விமானத் தபாலில் அனுப்பத் தடை. பிழையான ஒன்றை வாங்கிவிட்டால் சரியானது கைக்கு வரக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கோளாற்றுக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் காசு போகும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மாதிரித் துண்டு வேண்டும். முன்பு யோகட் கரண்டியில் அடித்துப் பார்ப்போம். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டிகளுக்குத் தடை வந்த பிறகு நான் பழைய சீடி பெட்டிகளை வெட்டி வைத்துக்கொள்கிறேன். அதுவும் மாடல் பெட்டியில் (கிட்) வரும் பாகங்களைப் போலப் பொலிஸ்டைரீன்தான், பெயின்ட் அதே மாதிரி நடந்துகொள்ளும். வளைவில் நிறம் எப்படித் தெரியும் என்று பார்க்க, கிட்டில் மிஞ்சிய பம்பர், பொனட் போன்றவற்றை எறியாமல் வையுங்கள். துண்டின் பின்பக்கத்தில் பிரைமர், பெயின்டை இளக்கும் தின்னரின் அளவு, காற்றழுத்தம், எத்தனை பூச்சு என்று எழுதுங்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் துண்டால் பயனில்லை.

## கோளாறு 1: போத்தலில் சரியாகத் தெரிகிறது, காரில் வேறு நிறம்

முதலில் வெளிச்சம். இரவில் எல்ஈடி விளக்கின் கீழ் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில் மாடலையும் ஒப்பிடும் பொருளையும் அருகருகே வையுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகவே உள்ளே விளக்கின் கீழ் கொண்டுபோய்ப் பாருங்கள்.

- இரண்டு இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் தெரிந்தால் பெயின்டிலோ அடிப்பூச்சிலோ பிழை. கீழே தொடருங்கள்.
- ஜன்னலோரத்தில் பொருந்தி, விளக்கின் கீழ் மட்டும் பிரிந்தால், இரண்டு பெயின்டிலும் உள்ள நிறமிகள் வேறு வேறு. எத்தனை பூச்சு அடித்தாலும் இது மாறாது. மாடலை எங்கே வைக்கப் போகிறீர்களோ அந்த வெளிச்சத்தில் பொருந்தினால் போதும் என்று விடலாம். அப்படி விட மனமில்லை என்றால் தொழிற்சாலையின் நிறக்குறியீட்டின்படி (கோட்) கலந்த பெயின்ட் வேண்டும்.

வேலை மேசைக்கு விளக்கு வாங்கும்போது பெட்டியில் 6500கே என்று இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, 90க்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். சாதாரண விளக்குகளில் அது 80 அளவில்தான் இருக்கும், சிவப்பு செத்துப்போய்த் தெரியும்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுகிறீர்கள்? போன் திரையில் உள்ள படத்தோடு என்றால் அங்கேயே பிழை. தெருவில் நிற்கும் நிஜக் காரோடு என்றால் பொனட்டையும் கூரையையும் பார்க்க வேண்டாம். காலி வீதி வெயிலில் பல வருடம் நின்ற சிவப்புக் காரின் கூரை வேறு சிவப்பு. பெற்றோல் மூடிக் கதவின் உள்பக்கத்தையோ, கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தையோ பாருங்கள். வெயில் படாத இடம் அதுதான்.

கிளியர் போட்டுவிட்டீர்களா? கோட்படி வரும் பேஸ் கோட் பெயின்டுகள் (கிளியருக்கு அடியில் வரும் நிறப்பூச்சு) காய்ந்தால் மங்கிப்போய், சாம்பல் தட்டியது போல இருக்கும். இங்கேதான் பலரும் பயந்து மேலும் அடிக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த மாதிரித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். அந்தச் சொட்டுக்குள் தெரிகிற நிறம்தான் ஏறக்குறையக் கிளியருக்குப் பிறகு வரப்போகும் நிறம். அது சரியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், கிளியருக்குப் போங்கள்.

கடைசியாகப் போத்தலின் பெயர். மாடல் பெயின்ட் நிறுவனமான தமியாவின் எல்பி-21, டிஎஸ்-8 இரண்டும் இத்தாலியன் ரெட். நல்ல சிவப்பு, ஆனால் அது எந்த ஒரு தொழிற்சாலைக் கோட்டுக்கும் கலந்தது அல்ல. நிஜக் காரின் நிறமே வேண்டும் என்றால் காரின் கோட்டைத் தேடுங்கள். டொயோட்டாவில் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் சி/டிஆர் என்று இருக்கும், அதில் முதலில் வருவது நிறத்தின் கோட். 040 என்றால் சூப்பர் வைட் 2. நிசான் ஸ்கைலைன் ஆர்34இன் பேசைட் புளூ டிவி2. 1966 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கட்டுகிறீர்கள் என்றால் எல்360 சீ புளூ, எல்456 ரூபி ரெட். ஸீரோ பெயின்ட்ஸ், கிராவிட்டி கலர்ஸ் போன்றவர்கள் இந்தக் கோடுகளுக்கே எயார்பிரஷுக்கான பெயின்ட் கலந்து விற்கிறார்கள். கோட்படி வாங்குவது என்றால் என் முதல் தெரிவு அவைதான். கிடைக்காவிட்டால் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

சின்ன உருவத்துக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. இராணுவ வண்டிகளுக்கு அது சரி. பளபளக்கும் கார்களுக்கு நான் செய்வதில்லை. சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஸாகிவிடும், பிறகு அது அந்தக் காரே இல்லை.

## கோளாறு 2: சிவப்பு செங்கல் நிறம், மஞ்சள் பச்சை தட்டியது, வெள்ளை ரோஸானது

இந்த மூன்றும் பெரும்பாலும் அடியிலிருந்து வருபவை. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் அடியில் உள்ளதை மறைக்கும் சக்தி குறைந்த நிறங்கள்.

மாதிரித் துண்டை மூன்றாகப் பிரித்துச் சாம்பல், வெள்ளை, ரோஸ் பிரைமர் அடித்து, மேலே ஒரே சிவப்பை ஒரே அளவில் அடித்துப் பாருங்கள். சாம்பல் மீது கறுத்த சிவப்பு, வெள்ளை மீது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த பிரகாசமான சிவப்பு, ரோஸ் மீது ஆழமான சிவப்பு. மூன்றும் ஒரே போத்தலில் இருந்து வந்தவை என்று சொன்னால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். மூன்றில் உங்கள் காருக்குப் பொருந்துவது எது என்று பார்த்து, அந்தப் பிரைமரில் பாடியைத் தொடங்குங்கள்.

- மஞ்சளில் பச்சை தட்டினால் அடியில் சாம்பல் இருக்கிறது. வெள்ளை பிரைமருக்கு மாறுங்கள்.
- விளிம்புகளிலும் கதவுக் கோட்டோரத்திலும் மட்டும் நிறம் வேறாக இருந்தால் அங்கே பெயின்ட் மெலிந்திருக்கிறது. அடுத்த தடவை விளிம்புகளுக்கு முதலில் ஒரு மெல்லிய பூச்சு, அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் முழுப் பாடிக்கும்.
- வெள்ளை அடித்து ஒரு நாளுக்குப் பிறகு ரோஸானால் கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பு நிறம். அதிலுள்ள சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. மேலும் வெள்ளை அடித்தால் அதுவும் ரோஸாகும். நிறுத்துங்கள். நன்றாகக் காயவிட்டு, மெல்லிய வெள்ளிப் பெயின்ட் ஒன்றை முழுவதும் அடித்து மூடி, அதன் மேல் வெள்ளை பிரைமரில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

## கோளாறு 3: மெட்டாலிக் நிறம் பிசகுகிறது

அதிகம் நேரம் தின்பது இதுதான். வந்து கேட்பவர்களிலும் பாதிப் பேர் வெள்ளி, நீல மெட்டாலிக்காரர்கள்.

பம்பர் ஒரு நிறம், பாடி ஒரு நிறம். ஒரே போத்தல், ஒரே நாள், ஆனாலும் பொருந்தவில்லை. காரணம் அநேகமாக அடித்த விதம். ஈரமாக அடித்தால் மினுக்கத் துகள்கள் அடியில் அமிழ்ந்து நிறம் கறுக்கும். தூரத்தில் இருந்து வறட்சியாக அடித்தால் துகள்கள் மேலே கிடந்து வெளிறும். பம்பரைக் கையில் கிட்டப் பிடித்து அடிப்போம், பாடியைக் கொஞ்சம் தள்ளி அடிப்போம், இரண்டும் வேறாகிவிடும். பம்பர், கண்ணாடி மூடி, பின் ஸ்பொய்லர் எல்லாவற்றையும் காரில் எந்தக் கோணத்தில் இருக்குமோ அதே கோணத்தில் பாடிக்குப் பக்கத்தில் குச்சியில் நிறுத்தி, ஒரே வீச்சில் அடியுங்கள். தூரம் 10 முதல் 15 சென்ரிமீற்றர், அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, இடையில் எதையும் மாற்ற வேண்டாம்.

ஏற்கெனவே அடித்து முடிந்துவிட்டதா? கறுத்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று ஒரு வறட்சியான மெல்லிய பூச்சு போதும். கிளியர் போட்டிருந்தால் இது முடியாது. மேலே நன்றாகத் தேய்த்து மறுபடி பேஸ் கோட்டில் இருந்து வர வேண்டும்.

முதல் கதவு சரி, கடைசிக் கதவு மங்கல். கப்பில் துகள் அடியில் படிந்துவிட்டது. மெட்டாலிக்கைக் கிளறாமல் ஒரே கப்பில் பத்து நிமிடம் வைத்திருக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இடையிடையே தூரிகையால் கிளறுங்கள். எயார்பிரஷின் 0.2 மில்லிமீற்றர் ஊசியில் துகள் அடைபட்டு மெலிந்த பெயின்ட் மட்டும் வரும். குறைந்தது 0.3, முடிந்தால் 0.4.

மேகம் போலத் திட்டுத் திட்டாக. ஒரே இடத்தில் ஈரம் தேங்கியிருக்கிறது. கடைசிப் பூச்சை வழமையைவிடச் சற்றுத் தள்ளி நின்று, குறுக்கும் நெடுக்குமாகப் பனி போல அடித்தால் பெரும்பாலும் சமன்படும்.

நிறம் சரி, ஆனால் பொம்மைக் கார் போல மினுங்குகிறது. இது துகளின் அளவு. நிஜக் காரின் பெயின்டில் ஒரு துகள் 30 மைக்ரோன் என்று வையுங்கள். 1:24இல் அதையே அடித்தால், நிஜ அளவில் முக்கால் மில்லிமீற்றர் அகலமான தகரத் துண்டுகள் காரெல்லாம் ஒட்டியதற்குச் சமம். கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு துகளையும் தனியாக எண்ணலாம். அடிக்கும் விதத்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மாடலுக்கென்று நுண் துகளில் செய்த மெட்டாலிக் வாங்க வேண்டும், அல்லது கலக்கும் கடையில் நுண் துகள் வெள்ளி டோனரை (கலப்பில் சேர்க்கும் மூல நிறம்) கேட்டு வாங்க வேண்டும்.

## கோளாறு 4: பேர்ல் வெள்ளை, சோல் ரெட் போன்ற மூன்றடுக்கு நிறங்கள்

கொழும்புத் தெருவில் எங்கே திரும்பினாலும் முத்துப் போல மினுங்கும் பேர்ல் வெள்ளை டொயோட்டா. அதனால் பலர் வீட்டுக் காரையே மாடலாகக் கட்டுகிறார்கள். அந்த நிறத்தின் 070 கோட்டில் அடியில் ஒரு வெள்ளை, அதன் மேல் பேர்ல், அதற்கும் மேல் கிளியர். அடி வெள்ளை இல்லாமல் பேர்லை மட்டும் அடித்தால் அழுக்கு வெள்ளைதான் வரும். பேர்ல் பூச்சு கூடக் கூட நிறம் மஞ்சள் பக்கம் போவதையும் பார்த்திருக்கிறேன். மாதிரித் துண்டில் ஒரு பூச்சு, இரண்டு, மூன்று, நாலு என்று படிப்படியாக அடித்துக் கிளியர் போட்டு, காரின் கதவோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள். எந்தப் படி பொருந்துகிறதோ அந்த எண்ணிக்கையை அப்படியே பாடிக்கு எடுங்கள்.

சோல் ரெட் எனப்படும் மஸ்டாவின் 41வி, 46வி சிவப்புகளும் இதே கதைதான். அடியில் மெட்டாலிக், நடுவில் ஒளி ஊடுருவும் சிவப்பு. நடு அடுக்கு எத்தனை பூச்சு என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு மூலையில் கூடுதலாக விழுந்தால் அங்கே இருட்டாகும், திருத்த வழியில்லை. முதல் காரை இந்த நிறத்தில் செய்ய வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

## கோளாறு 5: பால் ஊற்றியது போல வெண் மூட்டம்

இது நம் ஊரின் நோய். என் டிவி2 ஸ்கைலைன் ஒரு ஜூன் மாதச் சாயங்காலம், வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, கண்ணுக்கு முன்னாலேயே நீலத்தில் இருந்து சாம்பல் நீலத்துக்கு மாறியது. கூரையில் தொடங்கி ஜன்னல் தூண் வழியாகக் கீழே இறங்கியது. பெயின்டைக் குறை சொல்லி இன்னொரு போத்தலுக்கும் சொல்லிவிட்டேன். பெயின்டில் ஒரு பிழையும் இல்லை.

30 பாகை வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால், ஒரு பரப்பு 26 பாகைக்குக் குளிர்ந்தாலே அதில் தண்ணீர் படியும். தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு அவ்வளவு எளிதாகக் குளிர்ந்துவிடும்.

- உடனடி வைத்தியம்: அடித்த அன்றே என்றால், காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் கலந்த லெக்கர் தின்னரை மட்டும் மிக மெல்லிய பனியாக மேலே அடியுங்கள். மேற்பரப்பு மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, நிறம் திரும்பும். என் ஸ்கைலைன் அப்படித்தான் தப்பியது.
- அடுத்த தடவைக்கு: வேகத் தின்னரை விட்டுவிட்டு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரோ, தமியாவின் ரிட்டார்டர் வகை லெக்கர் தின்னரோ எடுங்கள். தனி ரிட்டார்டர் சேர்ப்பதென்றால் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், காயவே மாட்டாது.
- நேரம்: மழை விட்டு வெயில் ஏறிய முற்பகல். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நிம்மதியாக அடிக்கலாம்.
- ஏசி அறை: பலர் செய்யும் தவறு, பாடியை ஏசி அறையில் வைத்திருந்து, அடிப்பதற்கு மட்டும் பால்கனிக்குக் கொண்டுவருவது. 23 பாகையில் இருந்த பிளாஸ்டிக் வெளிக்காற்றில் பட்டதும் குளிர்பானப் போத்தல் போல வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள்.

மூட்டமாக இல்லாமல் புள்ளி புள்ளியாக இருந்தால் அது குழாயில் சேர்ந்த தண்ணீர். கொம்ப்ரசர் டாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். டாங்கி இல்லாத சின்னக் கொம்ப்ரசர் இருபது நிமிடத்தில் சூடாகிவிடும், அதற்கு ஓய்வு கொடுங்கள். எயார்பிரஷின் அடியிலேயே பொருத்தும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் சிறிய வாட்டர் ட்ராப் ஒன்று வாங்குவது இந்தத் தொல்லைக்கு நல்ல முதலீடு.

## கோளாறு 6: கிளியர் போட்ட பிறகு நிறம் மாறிவிட்டது

கொஞ்சம் ஆழமாகி இருண்டால் அது இயல்பு, அதற்காகத்தான் தண்ணீர்ச் சொட்டுச் சோதனை. மெட்டாலிக் மேகம் போலக் கலைந்தால் முதல் கிளியரை ஈரமாகப் போட்டுவிட்டீர்கள், பேஸ் கோட் இளகித் துகள்கள் நகர்ந்துவிட்டன. முதல் இரண்டு கிளியரும் பனி போல, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. காரில் ஒட்டிய டெக்கல் படத்தின் சிவப்பு வெள்ளைக்குள் ஊறினாலும் காரணம் இதுதான். வெள்ளை நாளடைவில் மஞ்சளித்தால் கிளியரின் வகையை மாற்ற வேண்டும். எனாமல் கிளியரை வெள்ளைக் காரில் போடாதீர்கள்.

சொரசொரப்பாக, வெளிறி இருந்தால் கிளியர் வழியிலேயே காய்ந்து விழுந்திருக்கிறது. 2000 சாண்ட்பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பொலிஷ் செய்தால் நிறம் தானாகத் திரும்பும்.

## எப்போது வெளியே கொடுப்பது

கோட்டுப் பெயின்ட் வெளிநாட்டில் இருந்து வரவில்லை என்றால் வாகனப் பெயின்ட் கலக்கும் கடைக்குப் போங்கள். கோட் மட்டும் போதாது, பெற்றோல் மூடிக் கதவைக் கழற்றிக் கொண்டுபோனால் நல்லது. நான் போகும் கடையில் கலப்பவர் கோட்டைக் கேட்டதும், "தம்பி, இந்தக் கோடுக்கு மூணு வேரியன்ட் இருக்கு. கார எடுத்துட்டு வாங்க, இல்லாட்டி மூடியக் கொண்டு வாங்க" என்றார். அன்றுதான் ஒரே கோட்டுக்குள்ளும் நிறம் வேறுபடும் என்று எனக்கு விளங்கியது. சொல்வெண்ட் பேஸ் கோட், மெட்டாலிக் என்றால் நுண் துகள், மிகச் சிறிய அளவு என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் தின்னரைச் சம அளவில் சேர்த்து, பழைய நைலோன் காலுறையில் வடிகட்டி அடியுங்கள். பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் இந்தப் பெயின்டோ, ஹார்ட்வெயார் கடையில் விற்கும் என்சி (நைட்ரோசெலுலோஸ்) தின்னரோ பட்டால் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்பு வெடிப்பாகப் பிளக்கும், திருப்ப முடியாது.

இரண்டு பாக 2கே கிளியர் வேண்டும் என்றால் வீட்டில் அடிக்காதீர்கள். அதை இறுக வைக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. தொடர்மாடி வீடு என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சும் அதில் சேர்ந்தது. பெயின்ட் அடிக்கும் தனி அறையும் வெளிக்காற்று முகமூடியும் உள்ள கராஜில், வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு பாஸிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, கார் அடிக்கும் பெரிய துப்பாக்கியால் அடிக்க வேண்டாம், சின்னத் துப்பாக்கியில் இரண்டு மெல்லிய பூச்சு போதும் என்று சொல்லுங்கள். நிஜக் காரில் கிளியர் 50 மைக்ரோன் அளவு கனம். அதையே 1:24இல் போட்டால் நிஜ அளவில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் கனமான கண்ணாடி போல உட்கார்ந்து கதவுக் கோடுகளை அடைத்துவிடும். பாடியைக் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கோடுகளைக் கத்தியால் ஒரு தடவை ஆழமாக்கி வைத்தால் அந்தக் கவலையும் குறையும். மாதிரித் துண்டையும் கையோடு கொண்டுபோங்கள், அவர் முதலில் அதில் அடித்துப் பார்க்கட்டும்.